கீழே வைக்க முடியாத கொம்பு

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்தில் என் அறையில் குளிர்ப்பெட்டிக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டுக்கொம்பு ஒன்று தொங்குகிறது. அடி கறுப்பு, நடு பழுப்பு, வாய்ப்பக்கம் வர வர வெளிறிப்போன கொம்பு. வாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் மற்ற இடங்களைவிட இன்னும் வெளுத்து, வழுவழுப்பாக இருக்கும். நெடுங்காலம் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றிய விரலில் இருக்குமே, அப்படி ஒரு தடம். அந்த இடத்தில் முன்பு ஒரு வெள்ளிப் பூண் இருந்தது. அதைக் கத்தியால் நெம்பி எடுத்தபோது கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். கத்தி பட்டு விளிம்பில் ஓரிடத்தில் சிறு சில்லு பெயர்ந்திருக்கிறது. கொம்பில் குடிக்கும்போது நாக்கு தானாக அந்த இடத்தைத் தேடிப் போகும்.

கொம்புக்கு ஒரு குணம் உண்டு. குவளையைப்போல அது மேசையில் நிற்காது. நிறைத்துக் கையில் வாங்கினால் குடித்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வேறு வழியில்லை. இந்தக் கொம்புக்கு உரியவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று போன குளிர்காலத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு மொஸ்கோவில் ஒரு குளிர்காலம், பேர்லினில் பாத்திரம் கழுவல், நோர்வேயில் மீன் வெட்டல் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் கால் பதிந்தால் எனக்கு உள்ளங்கால் கடிக்கத் தொடங்கிவிடும். டென்மார்க்குக்கு வந்தபோதும் நிற்பேன் என்று நினைக்கவில்லை. ஹேர்னிங்கில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். துணித் தொழிற்சாலையில் வேலை, கோயில் நிருவாகத்தில் பொறுப்பு, நல்ல கார். உறவு இல்லை, ஆனாலும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு விசா அலுவல் பார்த்தது, கம்பளிச் சட்டை வாங்கித் தந்தது, ஸ்கீவ பக்கத்தில் கிறிஸ்மஸுக்கு வெட்டி விற்கிற நத்தார் மரத் தோட்டம் ஒன்றில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவர்தான். அவருடைய உதவிகளைச் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் என் அறைக்கு எத்தனையோ தடவை வந்தும் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். தாகம் எடுத்தால் காருக்குப் போய்த் தன் போத்தலில் குடித்துவிட்டு வருவார். ஊரில் அவருடைய வளவு எது, எங்களுடைய வளவு எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை.

தோட்டத்தின் சொந்தக்காரி ஐம்பது கடந்த ஒரு டேனிஷ்காரி. புருசனை இழந்தவர். ஆணின் சப்பாத்து, ஆணின் நடை. கையில் மரப்பால் ஒட்டிக் கறுத்த வரிகள் எப்போதும் இருக்கும். மரம் வெட்டுகிற காலத்தில் என் விரல்களும் அப்படித்தான் ஆகின; குளிரில் வெடித்து, வெடிப்புக்குள் பால் புகுந்து, இரவில் எரியும். அது வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

தோட்டத்தின் மேட்டில் கற்களை வட்டமாக நட்டிருந்தார்கள். எல்லைக் கற்கள் என்று நினைத்து, ஒரு மத்தியானம் அதில் ஒன்றில் குந்தியிருந்து பாண் தின்றேன். கீழேயிருந்து அவர் ஏறி வந்தார். அவர் கதைத்தது டேனிஷ். என் காதில் அது எங்கள் பேச்சாக விழுந்தபடியே இங்கே எழுதுகிறேன்.

"அதில இருக்காதையும். அதுக்குக் கீழ என்ர மனுசன் இருக்கிறார்."

புருசனின் சாம்பலை அங்கே புதைத்திருந்தார்கள். துள்ளி எழும்பினேன். அவர் சிரித்தார். "பரவாயில்லை, அவருக்கும் பாண் விருப்பம்" என்றார். பிறகுதான் விளங்கப்படுத்தினார். கிறிஸ்து இந்த நாட்டுக்கு வர முன்னர் இருந்த தெய்வங்களைத் திரும்பவும் கும்பிடுகிற சிலர் இங்கே இருக்கிறார்கள். இடிக்கு ஒருவர், விளைச்சலுக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர். பருவம் மாறும்போது இந்த வட்டத்தில் கூடிப் படையல் வைப்பார்கள். ப்ளோட் என்று அதற்குப் பெயர். அதை நடத்துகிறவர் அவர். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வளவில் வேப்பமரத்தடியில் ஒரு சூலம் நட்டிருந்தது. அது வைரவர். கூரையும் இல்லை, ஐயரும் இல்லை. மேட்டில் நின்ற கற்களைப் பார்க்க அந்தச் சூலந்தான் நினைவுக்கு வந்தது. அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வேதக்காரரின்ர சேர்ச்சுக்குப் போனாலும் பரவாயில்லை. நீ மாட்டுக்கொம்பில குடிக்கிற பூசாரியம்மாவிட்டப் போய் மாட்டுப்பட்டிருக்கிறாய்." அன்று முதல் எனக்கும் அவர் பூசாரியம்மாதான்.

நானும் வரலாமா என்று கேட்டபோது பூசாரியம்மா உடனே ஓம் சொல்லவில்லை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். "எங்கட தெய்வங்களின்ர குறியளைத் தோலில குத்திக்கொண்டு உம்மைப்போல ஆக்களை அடிக்கிறவங்களும் இருக்கிறாங்கள். சாமி ஒண்டுதான், ஆக்கள்தான் வேற. அது தெரியாமல் வரக்கூடாது." வட்டத்தில் சூரியச் சக்கரக் குறி ஒன்றை அவர் வைப்பதே இல்லை. பழைய குறிதான், அழகான குறிதான், ஆனால் இப்போது அது யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பார். இன்னொன்றும் நினைவிருக்கிறது. நான் ஒரு தடவை அன்போடு தேங்காயும் கற்பூரமும் கொண்டுவரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். "எங்கட ஆக்கள் உலகம் முழுக்கப் போய் எடுத்ததெல்லாம் காணும், போதும். உம்மட சாமியையும் நான் எடுக்கேல்லை. நீர் உம்மட இடத்தில கொளுத்தும். நான் வந்து பக்கத்தில நிற்கிறன்." சொன்னபடி ஒரு வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்து, நான் யன்னலடியில் கற்பூரம் கொளுத்தி முடிக்கும்வரை கைகட்டி நின்றார். போகும்போது தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

படையலின் முறை இதுதான். கொம்பில் தேன் மது நிறைப்பார்கள். அது வட்டத்தைச் சுற்றி மூன்று தடவை வரும். முதற்சுற்று தெய்வங்களுக்கு, இரண்டாவது முன்னோருக்கு, மூன்றாவது அவரவர் எடுக்கும் உறுதிக்கு. வாங்குகிறவர் ஒரு பெயரைச் சொல்லி, ஒரு வாய் குடித்து, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். குடிக்க மனமில்லாதவர் நிலத்தில் ஊற்றலாம். கொம்பை மட்டும் கீழே வைக்கக் கூடாது. அதன்மேல் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே கொம்பு, ஒரே விளிம்பு.

அறுவடைக் காலத்துப் படையலில் முதற்தடவை கொம்பு என் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் நின்ற கிழவர் மீசையை நனைத்துக் குடித்துவிட்டுத் தந்தார். நான் யோசிக்கவில்லை. கை பழகிய வழியே போனது. தலையை அண்ணாந்து, கொம்பை உயரப் பிடித்து, உதடு படாமல் ஊற்றினேன். எங்களூரில் அதுதான் மரியாதை. அடுத்தவரின் பாத்திரத்தில் எச்சில் படக்கூடாது. ஆனால் கொம்பின் வளைவு செம்பின் வாய் இல்லையே. முழுதாகப் பாய்ந்து மூக்கிலும் கழுத்திலும் கொட்டியது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. அவர் கொல்லர். அந்த வெள்ளிப் பூணை அடித்துப் போட்டவர் அவர்தான். கழுத்தில் பச்சை குத்தியிருப்பார், தோள் கதவை அடைக்கும்.

"எங்கட வாய் இவருக்கு அழுக்காம்" என்றார். "விருந்துக்குக் கூப்பிட்டால் எங்கட சட்டியை மணந்து பாக்கிறார்."

என் டேனிஷ் அப்போது மரம் வெட்டவும் சம்பளம் கேட்கவும் மட்டும் போதுமான டேனிஷ். தேன் கழுத்துக்குள் ஒட்டியது. படையல் முடிந்தபின் கொல்லர் பூசாரியம்மாவிடம் சொன்னது என் காதில் விழட்டும் என்றே சொன்னது. "குளிர்காலப் படையலுக்கு ஒண்டில் அவன் நிற்பான், இல்லாட்டி நான் நிற்பன். நான் போனால் தனியப் போகமாட்டன்."

மரவெட்டுத் தொடங்கியபின் ஒருநாள், வெட்டிய மரங்களை வலைக்குழாயில் இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பூசாரியம்மா கேட்டார், ஏன் அப்படிக் குடித்தேன் என்று. உதடு படாமல் குடிப்பது மரியாதை என்றேன். அவர் விடவில்லை. "அது எல்லாருக்குமோ?" என்றார். அந்தக் கேள்வியை இந்த நாட்டுத் தமிழர் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வலைக்குழாயை நிறுத்திவிட்டுச் சொன்னேன். என் தகப்பன், அப்பு, கூலிவேலை செய்த வீடுகளில் அவருக்குத் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில்தான் கொடுப்பார்கள். படலைக்கு வெளியே நின்று குடிக்க வேண்டும், குடித்த சிரட்டையை வேலிக்கு அப்பால் எறிய வேண்டும். அவர் வாய் பட்ட பாத்திரம் என்று அந்த வீடுகளில் ஒன்றும் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பானைத் தண்ணீரை நாங்கள் மொள்ள முடியாது; யாராவது உயரத்தில் நின்று ஊற்றுவார்கள், நாங்கள் அண்ணாந்து குடிப்போம். எனக்கு அண்ணாந்து குடிக்கிற பழக்கம் வந்த வழி அது. மரியாதை என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

"ஆர் அப்பிடிச் செய்தது? வெள்ளைக்காரரோ?"

"இல்லை. எங்கட ஆக்கள்தான்."

அவர் அடுத்த மரத்தின் அடியைப் பிடித்துத் தூக்கினார். பிறகு, கேட்காமலே, பூணைப் பற்றிச் சொன்னார். அவருடைய பூட்டன் கடல் கடந்து போனவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். மேற்கே டேனிஷ்காரர் வைத்திருந்த கரும்புத் தீவுகளில் மேற்பார்வையாளராக இருந்தவர். அடிமைகளாகக் கொண்டுபோன சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அப்போதும் அங்கே கரும்பு வெட்டினார்கள். பூட்டன் திரும்பி வரும்போது சவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். தோல் உக்கிப்போனது. பிடியில் இருந்த வெள்ளிக் குமிழ் மிஞ்சியது. அதைத்தான் பூசாரியம்மா கொல்லரிடம் கொடுத்து உருக்கிப் பூணாக்கினார். எதிலிருந்து வந்த வெள்ளி என்று கொல்லருக்கும் சொல்லவில்லை. "நெருப்பில போட்டால் சுத்தமாகிடும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பூணில வாய் வைச்சு, கடலோடின பூட்டனுக்கு எண்டு சொல்லிக் குடிக்கிறன். எல்லாரையும் குடிக்க வைக்கிறன்." பிறகு மரத்தைக் குழாய்க்குள் தள்ளினார். "உம்மட அப்புவுக்குச் சிரட்டை. எனக்கு வெள்ளி."

பூட்டனின் கதையை வட்டத்துக்கு நடுவில் வைத்துச் சொல்லப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பயமும் வந்துவிட்டது. புருசன் புதைந்த வட்டம் அது. பிள்ளை தூரத்தில், அவருக்கு இருந்த சனம் அந்த வட்டத்துச் சனந்தான். அதில் பாதி கொல்லரின் சொல் கேட்கிற சனம். என்னால் அது உடையக் கூடாது என்று, நான் வராமல் விடுகிறேன் என்றேன். என்னிடம் எப்போதும் ஒரு பை கட்டினபடியே இருக்கும். போவது எனக்குப் பாரமான காரியம் இல்லை.

"நீர் போனாலும் வெள்ளி போகாது" என்றார்.

குளிர்காலப் படையல் நாளன்று சூரியன் மத்தியானத்தோடேயே சாய்ந்துவிட்டது. ஃபியோர்ட் என்கிற கடற்கழியிலிருந்து காற்று ஏறி வந்து தீவட்டிகளைப் படுக்க வைத்தது. கொல்லர் கறுப்பு ஜாக்கெட் போட்ட இரண்டு புதியவர்களோடு வந்தார். ஒருவனுடைய தோளில், பூசாரியம்மா வைக்க மாட்டேன் என்ற அந்தச் சக்கரம் தைத்திருந்தது. பூசாரியம்மா அவனிடம் நேரே போய், "அதை மூடு, இல்லாட்டிக் கீழ போய் நில்" என்றார். அவன் கொல்லரைப் பார்த்தான். கொல்லர் தலையசைத்தார். அவன் ஜாக்கெட்டைக் கழற்றி உட்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டான். கொல்லர் வந்து பூசாரியம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். "இண்டைக்கு உனக்கு முன்னால நான் குடிக்கிறன்" என்றார் என்னைப் பாராமலே. "என்ர வாய் பட்ட இடத்தில நீ என்ன செய்யிறாய் எண்டு பாப்பம்."

முதற்சுற்று ஒழுங்காகப் போனது. கொல்லர் வேண்டுமென்றே விளிம்பு முழுவதையும் வாயால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தந்தார். பூணில் எச்சில் மினுங்கியது. நான் தெய்வத்தின் பெயரைச் சொன்னேன், ஒரு மழைக் கடவுளின் பெயர், எங்களுக்கும் மழை வேண்டுந்தானே. உதடு வைத்துக் குடித்தேன். வெள்ளி குளிரில் உதட்டில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் கொஞ்சம் போனது. கொல்லர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் வெற்றி இல்லை, ஏமாற்றமும் இல்லை. இனி என்ன என்று தெரியாத ஒரு முகம்.

இரண்டாவது சுற்றுக்குப் பூசாரியம்மா கொம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பூட்டனின் பெயரைச் சொன்னார். கடலோடி என்று சொல்லவில்லை. என்ன வேலை செய்தவர், அந்த வேலைக்குக் கையில் என்ன வைத்திருந்தவர், அதன் பிடி இப்போது எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னார். "அவர் என்ர இரத்தம். நான் அவரை மறக்க மாட்டன். ஆனால் அவருக்கு இனிக் குடிக்க மாட்டன். அவரிட்ட அடி வாங்கினவைக்கு ஒருத்தரும் கொம்பு தூக்கினதில்லை. இது அவைக்கு." மதுவில் கொஞ்சத்தை நிலத்தில் ஊற்றினார். பனியில் அது மஞ்சளாக ஓட்டை போட்டது.

"செத்தவனை வட்டத்துக்குள்ள கொண்டுவந்து துப்பக்கூடாது" என்றார் கொல்லர். சத்தம் போடவில்லை, அதனாலேயே எல்லாருக்கும் கேட்டது. "அவன் தன்ர பக்கத்தைச் சொல்ல இஞ்ச இல்லை. எனக்கும் நீங்கள் சொல்லேல்லை. சவுக்கை என்ர கையால உருக்க வைச்சிருக்கிறியள்."

"ஓம்" என்றார் பூசாரியம்மா. "அது நான் உமக்குச் செய்த பிழை." அப்படிச் சொல்லிக்கொண்டே கொம்பை அவரிடம் நீட்டினார். முறைப்படி அடுத்தது அவர்.

கொல்லர் வாங்கினார். வாங்கிக்கொண்டு நின்றார். போக வேண்டுமானால் போகலாம், ஆனால் கையில் கொம்பு. கீழே வைக்கவும் கூடாது. கறுப்பு ஜாக்கெட்காரரில் ஒருவன், "எறிஞ்சு போட்டு வா" என்றான். கொல்லர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

அந்த நேரத்தில் என் கால் ஓடத்தான் பார்த்தது. வாழ்நாள் முழுக்க ஓடிப் பழகிய கால். கொல்லர் என் பக்கம் திரும்பி, கொம்பை என் நெஞ்சில் முட்டத் தந்தார்.

"பிடி" என்றார்.

பிடித்தேன். அவர் கத்தி முனையைப் பூணுக்கும் கொம்புக்கும் இடையில் செருகினார். என் பெருவிரலுக்குப் பக்கத்தில் அலகு. மது கையெல்லாம் வழிந்தது. ஈரத்தில் கொம்பு வழுக்கியது. "ஆட்டாதை" என்றார், பட்டறையில் கைவேலைக்காரனிடம் சொல்வதுபோல. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. பூண் கையோடு வந்தது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டார். என் கையைக் கொம்போடு சேர்த்துச் சாய்த்து, நிலத்தில் கொஞ்சம் ஊற்றி, தன் தகப்பனின் பெயரைச் சொன்னார். முறையை விடவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கினார். அவரோடு வட்டத்தில் பாதியும் இறங்கியது. போனவர்களின் முதுகைப் பூசாரியம்மா கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

கொம்பு என் கையில் இருந்தது. எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அப்புவின் பெயரை இந்த நாட்டில் நான் அதற்கு முன்னர் எங்கேயும் உரத்துச் சொன்னதில்லை. அன்று அதைச் சொல்லி, "சிரட்டையில குடிச்சவர்" என்று தமிழில் சொன்னேன். பூண் இல்லாத விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். பச்சைக் கொம்பின் மணம். நான் கொடுத்ததைப் பக்கத்தில் நின்ற கிழவர் துடைக்காமல் வாங்கினார்.

அந்த வட்டம் அதன் பிறகு பெருகவே இல்லை. சில வருடங்களில் படையலுக்கு நாலைந்து பேர்தான் வந்தோம். கோடை வந்தபோது யாரோ எண்ணெய்த் துணியில் சுற்றிய பூணைப் பூசாரியம்மாவின் தபாற்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் அதைச் சமையலறையில் கத்தி, கரண்டி போடுகிற இழுப்பறைக்குள் போட்டார். புதைக்கலாமே என்றேன். "புதைச்சால் மறந்திடுவன். இஞ்ச கிடந்தால் ஒவ்வொரு நாளும் கையில தட்டுப்படும்" என்றார். நான் அங்கிருந்தும் கிளம்பித்தான் போனேன். ஆனால் எங்கே நின்றாலும் குளிர்காலப் படையலுக்கு வந்துவிடுவேன். போன குளிர்காலத்தில் அவரையும் புருசனுக்குப் பக்கத்தில் வைத்தோம். மகள் பூணைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கொம்பை எனக்குத் தந்தாள்.

போன மாதம் அண்ணை எஸ்பியர்க்குக்கு வந்தார். இப்போது கார் ஓட்டுவதில்லை. மகன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். படியேறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. போத்தல் காரோடு போய்விட்டது. சுவரைப் பார்த்து, "உதுதானோ உன்ர பூசாரியம்மாவின்ர கொம்பு?" என்றார். பிறகு, என் அறையில் முதற்தடவையாக, "தண்ணி கொஞ்சம் தாவன்" என்றார்.

என்னிடம் கிளாஸ் இருந்தது. கழுவிக் கவிழ்த்தது, அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நான் ஆணியிலிருந்து கொம்பை எடுத்துத் தண்ணீர் நிறைத்தேன். கொம்புக்குரிய வீட்டுக்காரன் முதலில் குடிக்க வேண்டும் என்பது முறை. உதடு வைத்து ஒரு வாய் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினேன்.

வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் யோசித்தார். அண்ணாந்து பார்த்தார், கழுத்து முன்போல வளையவில்லை. மேசையைப் பார்த்தார்.

"அது நிற்காது அண்ணை" என்றேன்.

குளிர்ப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த லேஞ்சித் துணியை எடுத்தார். நான் விளிம்பைப் பார்த்தேன், அந்த வெளிறிய வளையத்தை, அதில் ஈரமாக இருந்த என் உதட்டுத் தடத்தை. அண்ணை லேஞ்சியால் தன் வாயைத் துடைத்தார். நன்றாக, இரண்டு மூலையும் துடைத்து, மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கொம்பை உயர்த்தி வாயில் வைத்தார்.